எண்பத்தைந்தா, தொண்ணூற்று நான்கா

செங்கல்,
பாறசாலை வழி.
வியாழன்.

வாலண்டைன் அண்ணனுக்கு ஓமனா எழுதுவது. அங்கே நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன். சுகமில்லை என்றாலும் இதைப் படித்து முடித்துவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பீர்கள். போனில் பேசினால் நான் அழுதுவிடுவேன், நீங்கள் சமாதானம் சொல்வீர்கள், சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகும். அதோடு, இந்த வீட்டில் எங்கே நின்று பேசினாலும் இவருக்குக் கேட்கும். பேச்சு போனதே தவிர, காது பாம்புக் காதாக இருக்கிறது. உங்கள் அக்கா மகன் ஷிபின் லீவு முடிந்து பஹ்ரைனுக்குத் திரும்புகிறான் என்று அறிந்ததும், அவன் கையில் கொடுத்தனுப்ப எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இவர் இப்போது தடியை ஊன்றி முற்றம் வரை நடக்கிறார். வலது கை விரல்கள் மடங்குகின்றன. பெருங்கடவிளைக் கடையை மகள் தன்யாவும் சிஜுவுமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். உங்கள் வீட்டம்மா மார்கிரெட் அக்கா பொழியூரிலிருந்து சாளை மீன் கொண்டுவந்தார், இவர் தலையில் கை வைத்து ஜெபமும் செய்தார். உங்கள் மாடிப் படிக்கு இன்னும் கைப்பிடி போடவில்லையாம், ஆசாரி இழுத்தடிக்கிறானாம், உங்களிடம் சொல்லச் சொன்னார்.

பேச்சு மட்டும் வரவில்லை. மூளையில் ரத்தம் அடைத்த இடம் பேச்சுக்கான இடமாம். இந்த முதல் மாதங்களிலேயே சொல்லை இழுத்து வெளியே கொண்டுவர வேண்டும், விட்டுவிட்டால் பிறகு கஷ்டம் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். நெய்யாற்றின்கரையிலிருந்து அமிர்தா என்று ஒரு பெண் பயிற்சி கொடுக்க வருகிறாள். நல்ல பிள்ளை. குடை, பசு, வாழைப்பழம் என்று படம் படமாகக் காட்டி, இது என்ன சாரே என்று மலையாளத்தில் கேட்பாள். இவர் சுவரைப் பார்ப்பார். கடையில் மலையாளமும் வீட்டில் தமிழுமாக ஓயாமல் வாயடித்த மனிதர், அண்ணா. ஒரு வாழைப்பழத்தைச் சொல்ல முடியாமல் போன வெட்கம் அவரைத் தின்கிறது.

இனி நான் சொல்லப்போவது உங்களுக்குக் கோபம் வரவைக்கும். வரட்டும்.

இவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் உங்கள் ஸ்நூக்கர் குரூப்பில் நீங்கள் ஒரு குரல் செய்தி போட்டீர்கள். "மக்கா சோமா, நீ சொன்னதுதான் செரி. எம்பத்தஞ்சு ஃபைனலாக்கும் பெரிய களி. நான் சம்மதிச்சாச்சு. நீ இனி அதை ஒண்ணும் நினைக்காண்டாம், ஒடம்பைப் பாரு." பின்னாலேயே சிஜுவும் சஜனும் கைகூப்பும் படம் போட்டார்கள். நான்தான் போனை இவர் காதருகே பிடித்திருந்தேன். இவர் கண்ணில் நீர் வந்தது. சந்தோஷம் என்று நினைத்தேன், மடைச்சி நான். இவர் போனை இடது கையால் தட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்தப் போனைத் தொடவில்லை. அமிர்தா வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறார்.

எனக்கு விளங்க நாளாயிற்று. நீங்கள் இரண்டு பேரும் பஹ்ரைன் ஓட்டல் கிளப்பில் ஒன்றாக வேலை பார்த்த காலத்திலிருந்து, எந்த வருஷத்து உலக ஸ்நூக்கர் ஃபைனல் பெரிது என்று நடக்கும் வழக்கு இது. என் கல்யாணத்தன்று தாலி கட்டிய கையோடு பந்தலுக்கு வெளியே போய் இரண்டு பேரும் இதற்காகக் கத்திக்கொண்டிருந்தீர்கள். அப்படிப்பட்ட ஆள் திடீரென்று நீதான் ஜெயித்தாய் என்றால் என்ன அர்த்தம்? ஆள் போய்ச் சேர்ந்துவிட்டால்தான் எதிர்க்கட்சிக்காரன் வழக்கை விடுவான். நீங்கள் பாசத்தில் சொன்னீர்கள். இவர் அதைத் தன் சாவுச் செய்தியாகக் கேட்டுவிட்டார்.

அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். தன்யாவின் போனில் அந்த இரண்டு ஃபைனலையும் போட்டுப் பார்த்தேன். உலையில் அரிசி குழைந்தது கூடத் தெரியவில்லை. எண்பத்தைந்தில் தலைகீழாக மாட்டியது போலக் கண்ணாடி போட்ட அந்த டெய்லர், மேட்ச் முழுக்க ஒரு தடவைகூட முந்தாமல், கடைசிக் கறுப்புப் பந்தில் முந்தி டேவிஸை ஜெயித்தது இவருக்குப் பெரிது. உங்களுக்கோ தொண்ணூற்று நான்கில் கை எலும்பு உடைந்தும் விளையாடி ஜெயித்த ஹென்ட்ரி. எதிரே ஆடிய ஒயிட்டுக்கு அன்று பிறந்தநாளாமே. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த மாதிரி கடைசி ஃப்ரேமில் ஒரு கறுப்புப் பந்தைக் குழியில் போடாமல் தவறவிட்டு அவன் நாற்காலியில் போய் உட்கார்ந்ததை நான் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அண்ணா, எனக்கு உங்கள் கட்சிதான். இதை இவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்தவன் விட்ட பந்தை எடுத்து ஜெயிப்பது ஒரு ஜெயமா என்று இவர் ஹென்ட்ரியைப் பழிப்பார். எண்பத்தைந்திலும் டேவிஸ் அந்தக் கறுப்பை விட்டதால்தானே டெய்லர் போட்டான் என்று நீங்கள் திருப்பிக் கேட்பீர்கள். அப்போது இவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து ஒரு பதில் சொல்வார். நீளமான பதில். எத்தனையோ வருஷம் அடுக்களையிலிருந்து கேட்டிருக்கிறேன், ஒரு நாளும் காது கொடுத்ததில்லை. இப்போது அதில் ஒரு வரி எனக்கு ஞாபகம் வரமாட்டேன் என்கிறது.

போன செவ்வாய்க்கிழமை இவருக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டே, சும்மா சொல்வது போல, அந்தக் கேள்வியைக் கேட்டேன். டெய்லர் மட்டும் என்ன, டேவிஸ் விட்டதைத்தானே எடுத்தான் என்றேன். கரண்டியைத் தள்ளிவிட்டார். முகம் சிவந்தது. தாடை ஆடியது. நான் உதவவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அப்புறம் வந்தது ஒரு சொல்.

"எலே."

வீட்டுக்கு வந்தபின் இவர் வாயிலிருந்து வந்த முதல் சொல் இதுதான். இத்தனை வருஷத்தில் இவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை, தன்யாவையும் கூப்பிட்டதில்லை. உங்களுக்குப் பதில் சொல்லத் தொடங்கும்போது மட்டும் வரும் சொல் அது. சொல்லிவிட்டு என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார். நீங்கள் அங்கே இல்லை. என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். மறுநாளும் கேட்டேன், என்னிடம் அவர் வழக்காடத் தயாராக இல்லை.

நான் விடுவதாக இல்லை, அண்ணா. வெள்ளிக்கிழமை உங்களுக்கு லீவு. முகம் தெரியும்படி கூப்பிடுங்கள். போனை நான் பிடித்துக்கொள்கிறேன். உடம்பு எப்படி என்று கேட்காதீர்கள். பாவம் என்ற முகத்தைக் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். அன்றைக்கு ஒப்புக்கொண்டது சும்மா, எண்பத்தைந்தெல்லாம் ஒரு களியா என்று எடுத்தவுடனே தொடங்குங்கள். அந்தக் கேள்வியைப் போடுங்கள். இவர் திணறுவார். சொல்லை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள், காத்திருங்கள். கோபப்பட்டால் இன்னும் கிளறுங்கள். இந்த யோசனையை அமிர்தாவிடம் கேட்டேன். ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டு செய்யலாம் சேச்சி என்றாள், மிஷினும் கொண்டுவருவாள். சிஜுவையும் சஜனையும் நான் ஏற்கனவே திட்டிவிட்டேன். இனி யாரும் கைகூப்ப மாட்டார்கள்.

கிடக்கிற மனிதனோடு சண்டையா, கர்த்தர் பொறுப்பாரா என்று மார்கிரெட் அக்கா கேட்டார். கர்த்தர் பொறுப்பார், நான்தான் இந்த வீட்டின் அமைதியைப் பொறுக்கமாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். கோபித்துக்கொண்டிருந்தால் நீங்கள் சமாதானப்படுத்துங்கள்.

மகேஸ்வரம் கோவிலில் இவர் பேருக்கும் உங்கள் பேருக்கும் சேர்த்தே அர்ச்சனை செய்யச் சொல்லியிருக்கிறேன். உங்கள் தொண்டை பலமாக இருக்கட்டும். உங்கள் பிடிவாதம் ஒரு நூல்கூடக் குறையாமல் இருக்கட்டும். தோற்பதற்கு உங்களுக்கு இனியும் எத்தனையோ வருஷம் கிடக்கிறது. இவர் வாயைத் திறந்து, அந்தப் பதிலை முழுக்கச் சொல்லி உங்களைத் தோற்கடிக்கும்வரை, என் பொன்னு அண்ணா, நீங்கள் தோற்றுக் கொடுக்காதீர்கள்.

உங்கள் தங்கை,
ஓமனா