மரக்கறி லாச்சியில் ஒரு ராணி

இன்று காலை கீரை எடுக்கப் பிரிட்ஜின் அடியில் இருக்கும் மரக்கறி லாச்சியை இழுத்தேன். லீக்ஸ் கட்டுக்குப் பின்னால் நீலக் கம்பளித் தொப்பி இருந்தது. உன் மகள் சின்ன வயதில் போட்ட தொப்பி. அதற்குள் சாப்பாட்டுப் பெட்டி அளவில், கண்ணாடி மூடி போட்ட எறும்புக் கூடு. தொப்பியை மூக்கருகே கொண்டு போனால் நனைந்த பஞ்சின் மணம் வருகிறது. மார்ச் முதல் கிழமை தொடங்கிவிட்டது. நித்திரையில் இருப்பவர்களை எழுப்பும் நேரம்.

"மரக்கறிக்கு இடமில்லை, எறும்புக்கு மட்டும் இடமிருக்கு" என்று என் கணவர் வழமைபோல் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். நான் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. செத்தவர்களோடு கோபித்துக்கொண்டிருக்கக் கூடாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் கோபமாகத்தான் இருக்கிறேன். நீ என்னை ஏமாற்றினாய். அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

நாம் சந்தித்ததே ஒரு ராணியால்தான். சூரிச்சுக்குப் பக்கத்தில், ஷ்லீரனில் காட்டோரம் இருந்த பள்ளிக்கூடத்தில், பிள்ளைகளின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடியும்வரை தாய்மார் முற்றத்தில் நின்று கதைப்போம். ஜூன் மாதம், மழை விட்ட புழுக்கம். பெரிய கட்டெறும்பு ஒன்று என் சப்பாத்தடியில் ஓடியது. நான் காலைத் தூக்கவும் ஒரு கை வந்து என் கணுக்காலைப் பிடித்தது.

"மிதிச்சுப் போடாதைங்கோ அக்கா. அது ராணி. இப்பதான் கலியாணம் முடிஞ்சு வந்திருக்கிறா."

முன்பின் தெரியாத ஒரு பெண் நிலத்தில் குந்தியிருந்து என் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ கைப்பையிலிருந்து விட்டமின் மாத்திரைக் குழாயை எடுத்து, மாத்திரைகளைச் சட்டைப் பைக்குள் கொட்டிவிட்டு ராணியை உள்ளே ஏற்றினாய். கொஞ்ச நேரத்தில் இன்னொன்றும் கிடைத்தது. ஆளுக்கு ஒன்று என்று பங்கு போட்டோம். அடுத்த கிழமையே "அக்கா" போய் "அடி" வந்துவிட்டது.

நீதான் எல்லாம் விளக்கினாய். வானத்தில் கூடிவிட்டு இறங்கும் ராணி தன் சிறகைத் தானே உதிர்த்துவிடும். ஒரு பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும். பிறகு சாப்பாடு இல்லை. "சிறகை ஆட்டின சதையைக் கரைச்சுத்தான் முதல் பிள்ளையளை வளர்க்கிறா" என்றாய். எனக்குச் சோதனைக் குழாயில் தண்ணீர் விட்டுப் பஞ்சால் அடைத்து, ராணியை விட்டு, வாயையும் பஞ்சால் மூடித் தந்தாய். இருட்டான அலுமாரிக்குள் வைக்கச் சொன்னாய். கட்டளை ஒன்றே ஒன்று. ஒரு மாதத்துக்குப் பார்க்கப்படாது.

நான் பார்த்தேன். மூன்றாம் நாளே டோர்ச் அடித்துப் பார்த்தேன். அரிசிக் குறுணல் போல நாலு முட்டைகள். சந்தோசத்தில் அடுத்த நாளும் பார்த்தேன், அதற்கடுத்த நாளும். பிறகு முட்டைகளைக் காணவில்லை. பயந்துபோன ராணி தன் முட்டையைத் தானே தின்றுவிடும் என்றாய். இரண்டு கிழமையில் அவள் மல்லாந்து கிடந்தாள்.

"நீ பாத்துப் பாத்தே கொன்று போட்டாய்" என்று சொல்லிச் சிரித்தாய். "உன்னட்டைப் பொறுமை எண்டது மருந்துக்கும் இல்லையடி."

நீ பகிடிக்குத்தான் சொன்னாய். எனக்கு அது முள்ளாக இறங்கிவிட்டது. உன்னுடைய ராணி ஆவணிக் கடைசியில் ஐந்து குட்டி வேலைக்காரிகளோடு உட்கார்ந்திருந்தபோது, நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தூர நின்றுதான் பார்த்தேன். அன்றிலிருந்து நீ பார் என்றால் பார்ப்பேன், பார்க்காதே என்றால் பார்க்கமாட்டேன். எறும்பு விசயத்தில் மட்டும் என்று அப்போது நினைத்தேன்.

ஐப்பசி வந்தால் அவர்களுக்குச் சீனித் தண்ணீர் வயிறு முட்டக் கொடுத்து, பிரிட்ஜில் குளிர்கால நித்திரைக்கு அனுப்புவாய். மார்ச்சில் எழுப்புவது நம் இருவருடைய திருநாள். ஒருத்தி இல்லாமல் மற்றவள் மூடியைத் திறப்பதில்லை என்று முதல் வருடமே பேசிக்கொண்டோம். ஜன்னலோர மேசையில் பெட்டி, இரண்டு கோப்பை பால் தேநீர். ஒரு மணித்தியாலம் வரை ஒன்றும் நடக்காது. ராணியைச் சுற்றி எல்லோரும் கறுப்புக் குவியலாகச் செத்தவர்கள் போலக் கிடப்பார்கள். பிறகு எங்கேயோ ஒரு உணர்கொம்பு அசையும். பல்லுக்குத்தும் குச்சியின் நுனியில் தேன் தொட்டு, முதலில் எழும்பியவளுக்கு நீ ஊட்டுவாய். உன் கணவரின் தொழிற்சாலை வேலைக்காக நீங்கள் லாங்கன்தாலுக்குப் போன பிறகும், நான் உழுந்து வடை சுட்டுக்கொண்டு ரயில் ஏறி வந்தேன். மூன்று மார்ச் அப்படிப் போனது.

அதற்கடுத்த ஐப்பசியில் சூரிச்சுக்கு வரச் சொன்னாய். லாங்ஸ்ட்ராஸ வீதிப் பக்கத்துத் தோசைக் கடையில் நீ எனக்கு முன்பே வந்து மூலையில் இருந்தாய். மேசையில் குளிர்ப்பை, அதற்குள் தொப்பி சுற்றிய பெட்டி.

"என்னடி, நல்லா மெலிஞ்சு போனாய்."

"பாண் சாப்பிடுறதை நிப்பாட்டிப் போட்டன்."

"தலையில என்ன துணி? கழட்டன், உள்ளுக்கு வெக்கையாக் கிடக்கு."

"எண்ணெய் வைச்சிருக்கிறன். கழட்டினால் சனம் எழும்பி ஓடும்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீ தோசையில் பாதியை என் தட்டில் வைத்தாய். கனடாவில் அக்காவின் மகளுக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது, மார்ச் வரைக்கும் அங்கே நிற்பேன், இவர்களை நீ வைத்திரு என்றாய்.

"நீ வராமல் திறக்கமாட்டன்" என்றேன்.

"ஓமடி. ரெண்டு பேரும் சேந்துதான் திறப்பம். அதுவரைக்கும் பாக்கப்படாது. உன்ர பழைய குணத்தைக் காட்டிப் போடாதை."

டிராம் வந்தது. நீ தரிப்பிடத்தில் நின்று கை காட்டியிருப்பாய். நான் பார்க்கவில்லை. பெட்டி சரிந்துவிடாமல் பிடிப்பதிலேயே கண்ணாக இருந்தேன். உன்னைக் கடைசியாகக் கண்ட நாளில் என் கண் உன்மேல் இருக்கவில்லை. அதற்கும் நீதான் காரணம் என்று சொல்லி ஒரு வருடமாக உன்னோடு சண்டை பிடிக்கிறேன்.

குளிர்காலம் முழுக்க உன் செய்திகள் வந்தன. பிள்ளை பிறந்துவிட்டது, அக்கா காரமாகச் சமைக்கிறாள், இங்கே குளிர் எலும்பைத் தொடுகிறது. தை மாதம் ஒரு படம் அனுப்பினாய். ஜன்னலுக்கு வெளியே பனி. "கனடாவைப் பார்" என்று எழுதியிருந்தாய். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜன்னலுக்குக் கீழே சுவரில் மின்சாரப் பிளக் தெரிந்தது. மூன்று ஓட்டை, ஆறு பக்கம். இந்த நாட்டுப் பிளக். என் வீட்டுச் சமையலறையில் அப்படியே நாலு இருக்கிறது.

"எடியே, இது எங்கட பிளக் எல்லோ" என்று எழுதினேன். அனுப்பவில்லை. அழித்துவிட்டேன்.

ஏன் அழித்தேன் என்று கேள். வீட்டில் ஏதோ பிரச்சினை, எங்கேயோ ஒதுங்கி இருக்கிறாய், மார்ச்சில் நீயே சொல்லுவாய் என்று நினைத்தேன். இப்போது கிண்டிப் பார்த்தால் எதையாவது கெடுத்துவிடுவேன் என்று பயந்தேன். டோர்ச் அடித்துக் கொன்ற ராணி நினைவுக்கு வந்தாள். வேறு யாராக இருந்தாலும் உடனே போன் எடுத்து நாலு கேள்வி கேட்டிருப்பார்கள். எறும்பு வளர்ப்பவள்தான் பார்க்காமல் இருப்பதை அன்பு என்று நம்புவாள். உனக்கு அது தெரிந்திருந்தது. என்னிடம் நீயே வளர்த்துவிட்ட பழக்கத்தால் என் கண்ணில் மண்ணைத் தூவினாய்.

போன வருடம் மார்ச் முதல் ஞாயிறு. மேசையில் பெட்டியை வைத்தேன். இரண்டு கோப்பையும் வைத்தேன். உனக்கு அழைத்தேன். உன் கணவர் எடுத்தார்.

"அக்கா" என்றார். "அவ போயிட்டா அக்கா. மூண்டு கிழமையாச்சு. எல்லாம் முடிஞ்சுது."

"கனடாவிலயோ" என்று கேட்டேன். என்ன மடைத்தனம், பார்.

"இல்லை அக்கா. இஞ்ச, லாங்கன்தால் ஆஸ்பத்திரியில. புற்றுநோய். ஐப்பசியில இருந்தே இஞ்சதான்."

ரயிலில் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. நான் வடை கொண்டு வந்த அதே ரயில்.

ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் பாவம், பொய் சொல்லத் தெரியாத மனுசன். "உங்களுக்கு மட்டும் சொல்லக் கூடாது எண்டு சத்தியம் வாங்கினவ. நீங்கள் வந்தாப் பாத்துக்கொண்டே இருப்பியளாம். அவ உடைஞ்சு போயிடுவாவாம்" என்றார். தமிழ் வகுப்பில் தேநீர் ஊற்றும் இரண்டு பெண்களும் உனக்குக் கஞ்சி கொண்டுவந்து தந்ததையும் அவரே சொன்னார். நான் சனிக்கிழமை தவறாமல் அவர்கள் கையால் தேநீர் வாங்கிக் குடித்தேன். அவர்களுக்கு உன் கட்டில் ஓரம். எனக்கு எறும்பு.

நான் எங்கே வேலை செய்கிறேன் என்று உனக்குத் தெரியாதா? முதியோர் இல்லத்துச் சமையலறையில் பதினொரு வருடம். எத்தனை பேருடைய கடைசிக் கரண்டி சூப் என் கையால் போயிருக்கிறது. பேசாமல் பக்கத்தில் இருக்க எனக்குத் தெரியும். கதவடியில் அழுதுவிட்டுச் சிரித்த முகத்தோடு உள்ளே போகவும் தெரியும். முன்பின் அறியாத சுவிஸ் கிழவிகளுக்குச் செய்ததை உனக்குச் செய்ய நீ விடவில்லை.

அன்றைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன். வீட்டுக்குப் பின்னால் சமையல் கழிவு போடும் பச்சைத் தொட்டியின் மூடியைத் திறந்தேன். கொட்டிவிட்டுப் போவதாகத்தான் வந்தேன். கண்ணாடிக்குக் கீழே குவியல் அசையாமல் கிடந்தது. அப்புறம், என் கைச்சூடு பட்ட மூலையில் ஒருத்தி காலை நீட்டினாள். இன்னொருத்தி கொம்பைத் தூக்கினாள். நீ இல்லாமல் எழும்பிவிட்டார்களே என்று அவர்கள் மீதும் ஆத்திரம் வந்தது. பிறகு யோசித்தேன். இவர்களையும் கொட்டிவிட்டால் உன்னைத் திட்டுவதற்கு எனக்கு யார் இருக்கிறார்கள்? மேலே கொண்டுவந்து தேன் தொட்டு வைத்தேன். கோப்பைகள் இரண்டும் ஆறிப்போயிருந்தன.

கோடையில், கேட்க ஆளில்லாததால், எறும்பு வளர்ப்பவர்கள் ஜெர்மனில் எழுதும் இணையப் பக்கங்களை நானே தட்டுத் தடுமாறி வாசிக்கத் தொடங்கினேன். புதிதாகக் கூடு தொடங்கும் ராணிகளில் எத்தனையோ சும்மாவே செத்துப்போகுமாம். யாரும் தொடாமல், யாரும் பார்க்காமல், அலுமாரி இருட்டிலேயே. காரணம் தெரியாது என்று எழுதியிருந்தார்கள். நீ அந்தப் பக்கங்களை என்னைவிட எவ்வளவோ முன்பே வாசித்தவள். உனக்கு இது தெரிந்துதான் இருக்கும். என் ராணியை நான் கொல்லவில்லையோ என்னவோ, அதை ஒரு நாளாவது நீ எனக்குச் சொல்லியிருக்கலாம்.

போன ஐப்பசியில் நான் தனியாக அவர்களுக்குச் சீனித் தண்ணீர் வைத்தேன். தனியாகத் தொப்பி சுற்றி லாச்சிக்குள் வைத்தேன். அடுத்த ஞாயிறு லாச்சியை இழுத்து, தொப்பியை விலக்கி, டோர்ச் அடித்துப் பார்த்தேன். வேண்டுமென்றே பார்த்தேன். அதற்கடுத்த ஞாயிறும் பார்த்தேன். கார்த்திகை, மார்கழி, தை, மாசி, ஒரு ஞாயிறும் தவறவில்லை. ராணி செத்தால் நீ சொன்னது சரி, உன்னை மன்னித்துவிடுவது என்று முடிவு கட்டியிருந்தேன். அவள் சாக வேண்டும் என்று ஒரு மனம், சாகவே கூடாது என்று ஒரு மனம்.

இதைவிட இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. இல்லத்தில் யாராவது "எனக்கொன்றுமில்லை" என்று சொல்லிச் சாப்பாட்டைத் தள்ளி வைத்தால் நான் தட்டோடு திரும்புவதில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முகத்தைப் பார்க்கிறேன். போன மாதம் ஒரு கிழவி, "ஏன் அப்படிப் பார்க்கிறாய்" என்று கேட்டாள். "பார்க்கிறேன்" என்றேன். அவள் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு சூப்பைக் குடித்தாள். உடைந்து போகவில்லை.

இவ்வளவும் எழுதுவதற்குள் பெட்டி சமையலறைச் சூட்டுக்கு வந்துவிட்டது. ஒரு கோப்பைதான் வைத்திருக்கிறேன். நடுவில் ராணி மெல்லத் திரும்புகிறாள், பக்கத்தில் இருப்பவளின் முகத்தைக் கொம்பால் தொடுகிறாள். அதே ராணி. நீ முற்றத்தில் குந்தியிருந்து பிடித்தவள். ஒரு குளிர்காலம் முழுக்க நான் கண் எடுக்காமல் பார்த்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லையடி.