வயர்லெஸ்ஸில் சொன்ன உண்மை

ஐப்பசி 20, வியாழன்.

கடலில் இருப்பவனுக்கு வயர்லெஸ்ஸில் சாவுச் செய்தி சொல்வதில்லை. பதறிப்போய்ப் படகைத் திருப்புவான். எங்கள் கிளிஞ்சல்மேட்டில் எல்லோரும், "உடம்பு முடியல, காலையில வா" என்றுதான் சொல்வார்கள். கரையில் வயர்லெஸ் பார்க்கும் நான் மட்டும் அந்தப் பொய்யைச் சொல்ல மாட்டேன் என்று பீற்றிக்கொண்டிருந்தேன். பொய் என்றால் பொய்தான். அதனால் நல்லது வருமா என்று பார்ப்பது வியாபாரம்.

மதியம், கடலுக்குப் போயிருந்த அருளின் அம்மா இறந்துபோனார். நாலு மணிக்கு படகிலிருந்து அவனே கூப்பிட்டான்.

"அம்மா எப்புடிண்ணே இருக்கு? நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னுதான் உங்களக் கேக்குறேன்."

சொல்லிவிட்டேன். உடனே, "வலைய அறுத்துட்டு வர்றேன்" என்றான். வாடைக்காற்று ஏறியிருந்தது. "முகத்துவாரத்துக்கு வெளியிலயே நங்கூரம் போட்டுக் கெட, விடிஞ்சு வாடா" என்று கத்தினேன். அதற்குள் வயர்லெஸ்ஸை அணைத்துவிட்டான். படகில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். சொல்லும்போது அவர்களை நான் நினைக்கவேயில்லை.

ஆறு மணிக்கே வந்திருக்க வேண்டும். இப்போது ஒன்பதரை. படகு நுழைய வேண்டிய முகத்துவாரத்தில் அலை உடைவது இங்கே வரை கேட்கிறது.

உண்மையைத்தானே சொன்னேன்? என்ன ஆனாலும் நான் பொறுப்பில்லை என்று இரண்டு தடவை எழுதி அடித்துவிட்டேன்.

சற்று முன் சாவு வீட்டிலிருந்து அருளின் மனைவி வந்து வாசலில் நின்றாள்.

"நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. அவரு வந்துருவாருல்லண்ணே?"

"வந்துருவான்மா" என்றேன்.