கைப்பிடி இல்லாத மெஷின்

உத்திரமேரூர்
வியாழக்கிழமை

தம்பி முனிரத்தினத்துக்கு,

நலம் விசாரித்துத்தான் ஆரம்பிக்க வேண்டும். நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும், ஆகவே அதை விட்டுவிடுகிறேன். உன் பெண்டாட்டி பாக்கியமேரியும் அவள் அம்மாவும் சுகமாக இருக்கட்டும். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் என் குரல் கேட்டதும் அவளிடம் கொடுத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படித் தள்ளிவிட முடியாது என்பதால் எழுதுகிறேன். உன் மாமியார் ஊரான பெருநகருக்குத் தினமும் பஸ்ஸில் போய்வரும் ஏசுதாஸ் இதை உன் கையிலேயே கொடுப்பார்.

விஷயம் இதுதான். திங்கட்கிழமை சாலவாக்கம் கோவிந்தம்மாள் தன் கிணற்று மோட்டாரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். உள்ளே இருக்கும் செப்புக் கம்பிச் சுருள், அந்தக் காயில், முழுக்கக் கருகிவிட்டது. தம்பி ஊரில் இல்லை, பஸ் ஸ்டாண்டு பக்கம் வேறு கடை இருக்கிறது என்றேன். "அங்க குட்த்து ரெண்டு தபா பூட்ச்சி சாரு. ரத்தினம் கட்டனாதான் தாங்குது. நாத்தாங்கால் காஞ்சிகினு கீது, ஒன் தம்பி மாமியார் வூட்ல குந்திகினு இன்னா பண்றான்?" என்று கேட்டுவிட்டு, மோட்டாரை உன் கொட்டகையிலேயே இறக்கிவைத்துப் போய்விட்டார். பக்கத்து நிலத்துக்காரர் ஞாயிற்றுக்கிழமை வரை தண்ணீர் விடுவாராம். அதற்கு மேல் முடியாதாம்.

வலது கையில் பிடிப்பில்லை, காயில் சுற்றும் மெஷினின் கைப்பிடியைச் சுற்ற முடியாது, இனிமேல் மோட்டார் கட்டுவதில்லை என்று உன் அண்ணியிடம் சொன்னாயாமே. என்னிடம் சொல்லவில்லை. கம்பெனியின் பிரஸ் மெஷினில் உன் கை மாட்டியதையே மூன்றாம் மனிதர் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். சொந்தக் கடையை மூடிவிட்டு மாதச் சம்பளத்துக்குப் போகாதே என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டவன் நான். உன் கல்யாணத்தில் கடைசி வரிசையில் உட்கார வைக்கப்பட்டவனும் நானே. காண்ட்ராக்ட் ஆள்தானே என்று கழற்றிவிட்ட உன் கம்பெனியை நான் மறக்கவில்லை. பிசிக்ஸ் எம்.எஸ்சி.யில் முதல் வகுப்பு வாங்கிய என்னை வெளியே காக்கவைத்துத் தன் மச்சானுக்கு வேலை போட்டுக் கொடுத்த பள்ளித் தாளாளரையும் மறக்கவில்லை. மறக்கிற சுபாவம் எனக்கு இல்லை.

அதே சுபாவத்தால்தான் நீ காயில் சுற்றும் விதத்தையும் மறக்கவில்லை. வலது கை கைப்பிடியைச் சுற்றும், அவ்வளவே அதன் வேலை. செப்புக் கம்பியை இழுத்துப் பிடித்து, மரக்கட்டையின் மேல் வரிசை கலையாமல் அடுக்கியதெல்லாம் உன் இடது கை. அந்தக் கைக்கு ஒன்றும் ஆகவில்லையே! வலது கைக்குப் பதிலாக ஒரு சின்ன மோட்டார் போதாதா என்று யோசித்தேன்.

உன் அண்ணியிடம் தையல் மெஷினின் மோட்டாரைக் கேட்டேன். "எட்த்துக்குங்க. நான் காலாலயே மிதிச்சிக்கிறேன். தம்பி வந்து வேல செஞ்சா போதும்" என்றாள்.

அந்த மோட்டாரின் வேகத்தை அடக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நேராகக் கட்டையோடு இணைத்தேன். பெடலை லேசாக மிதித்தால் முனகிக்கொண்டு நின்றது, சற்று அழுத்தினால் பாய்ந்து கம்பியை அறுத்தது. ஃபேன் ரெகுலேட்டர் ஒன்றைப் போட்டேன். வேகத்தோடு வலுவும் போய்விட்டது. கம்பியின் இழுப்பைத் தாங்காமல் நின்று, சூடேறி, தீய்ந்த வாடை வந்தது.

பிறகு காயலாங்கடையிலிருந்து பழைய தையல் மெஷின் ஸ்டாண்டு ஒன்றைத் தூக்கிவந்தேன். கீழே பெரிய சக்கரம், மேலே சின்னச் சக்கரம். பழக்கதோஷத்தில் கால் மிதிக்கிற கீழ்ப்பக்கமே மோட்டாரை மாட்டி, தைக்கிற மேல்பக்கம் கட்டையை மாட்டிவிட்டேன். பெரியது சின்னதைச் சுற்றினால் வேகம் கூடத்தானே செய்யும்? சுவிட்சைப் போட்டதும் கட்டை கழன்று பறந்து கோழிக் கூடையின் மேல் விழுந்தது. உன் அண்ணி ஓடிவந்து, "இன்னாங்க இது, மோட்டார் கட்றதுக்கா, ராக்கெட் வுடறதுக்கா? தம்பிக்கு அந்த ஒரு கையையாவது வுட்டு வைங்க" என்றாள். கோபம் வந்தது. அப்புறம் என்னையும் மீறிச் சிரித்துவிட்டேன். நான் சிரித்து நாளாகிவிட்டதாம், அதையும் அவளே சொன்னாள்.

எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றினேன். சின்னச் சக்கரத்தை மோட்டாரில் மாட்டி, அதிலிருந்து பெரிய சக்கரத்துக்கு பெல்ட் போட்டு, பெரிய சக்கரத்தின் தண்டிலேயே கட்டையைப் பொருத்தினேன். பெல்ட் வழுக்கியது. ஸ்பிரிங்கில் கட்டிய உருளை ஒன்றால் அதை அழுத்தி நிறுத்தினேன். இப்போது மோட்டார் தன் போக்கில் ஓடுகிறது, கட்டையோ நிதானமாகச் சுற்றுகிறது. வேகம் குறைந்த அளவுக்கு வலு ஏறியிருக்கிறது. துணியைச் சுற்றிக்கொண்டு கையால் பிடித்து நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. டியூஷன் பிள்ளைகளுக்குப் பலகையில் எத்தனையோ தரம் போட்டுக் காட்டிய கணக்குதான். அது என் கையை இழுத்தது இதுவே முதல் தடவை.

உன் கை சுற்றும் அதே வேகம், ரத்தினம். பெடலிலிருந்து காலை எடுத்தால் சைக்கிள் பிரேக் ரப்பர் பிடித்து நிறுத்திவிடும். கைப்பிடியைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டேன்.

நானே ஒரு காயில் சுற்றிப் பார்த்தேன். மெஷின் மேல் குற்றமில்லை. என் இடது கைக்குத்தான் அடுக்கத் தெரியவில்லை. கம்பி ஒன்றன்மேல் ஒன்று ஏறி, குருவிக்கூடு மாதிரி வந்தது. அதை உனக்காக ஆணியில் மாட்டிவைத்திருக்கிறேன். பார்த்துச் சிரித்துக்கொள்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வா. பாக்கியமேரியையும் அழைத்துக்கொண்டு வா. கருவாட்டுக் குழம்பு வைப்பதாக உன் அண்ணி சொல்கிறாள். வராவிட்டால் கோவிந்தம்மாளுக்கு நீயே பதில் சொல்லிக்கொள், அந்த வாய்க்கு முன்னால் நிற்க என்னால் ஆகாது.

இன்னும் ஒன்று. சுற்றிய காயிலைக் கிணற்று மோட்டாரின் பொந்துகளில் இறக்கிக் கட்ட இரண்டு கை வேண்டும். அதற்கு ஒரு மெஷின் செய்ய எனக்குத் தெரியவில்லை. ஒரு கை உன்னுடையது. மற்றது யாருடையது என்று நான் எழுதிக் கொடுக்கப்போவதில்லை. காலை டியூஷனை மாலைக்கு மாற்றிவிட்டேன் என்பதை மட்டும் தெரிந்துகொள்.

உன் இடது கைக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

உன் அண்ணன்,
கலைச்செல்வன்