அளவுகோல் அழித்த படம்

நாள் 118 – 09:10
சுற்றுக்கலம் ‘நெய்தல்’, யூரோப்பா நிலவின் மேல். எழுதுவது உலகம்மாள், படப் பதிவாளர். கீழே பனித்தளத்தில் துளைக்கருவியோடு இருப்பது இருதயராஜ் ஒருவன்தான். இன்று 46 படங்கள். விரிசல் வளர்ந்திருக்கிறதா என்று நேற்றைய படங்களோடு ஒப்பிட்டேன். இல்லை.

நாள் 121 – 15:40
ஓய்வு நேரத்தில் ஒரு படத்தைத் தலைகீழாக்கினேன். ஓரத்திலிருந்த அளவுகோலை அழித்தேன். நீலத்தைக் கூட்டினேன். பனி போய்விட்டது, கோடும் நிறமும் மட்டும் மிஞ்சின. நான்கு மாதமாகப் பனியையே பார்த்துச் சலித்த கண்ணுக்கு, எதைப் பார்க்கிறோம் என்று தெரியாததே பெரிய சுகம். இருதயராஜுக்கு அனுப்பினேன்.

“யக்கா, எங்க தூத்துக்குடி உப்பளம் மாதிரி இருக்கு. இல்ல, பட்டுச்சேலைய உதறிப் போட்ட மாதிரி. எந்த இடம் இது?”

“இடத்தக் கேக்காத. சும்மா பாரு.”

“அப்ப இன்னொண்ணு அனுப்புங்க.”

நாள் 127 – 11:05
ஆறு படம் செய்தேன். ஒப்பீடு நாளைக்கு.

நாள் 129 – 10:20
ஒரு படத்தின் மூலையில் மயிரிழை போலச் சிவப்புக் கோடு. வெட்டியெடுத்துப் பெரிதாக்கி, நெட்டுக்குத்தாக நிறுத்தினேன். இதுவரை செய்ததிலேயே அழகு இதுதான். முந்தைய படத்தில் அது இருந்ததா என்று பார்க்கவில்லை. எந்த இடம் என்றும் பார்க்கவில்லை.

நாள் 130 – 13:52
பனி பிளந்தது. தளம் உள்ளே போய்விட்டது. இருதயராஜ் காப்புடையோடு வெளியே கிடக்கிறான். காற்று ஐம்பது நிமிடத்துக்கு. மீட்பு ஊர்தியை இறக்கிவிட்டேன். போய்ச்சேர எழுபது.

13:58
மூலப் படத்தைத் திறந்தேன். சிவப்புக் கோடு புது விரிசல்தான், தளத்திலிருந்து முந்நூறு மீட்டரில். நேற்றே ஒப்பிட்டிருந்தால் அவனை மேலே எடுக்க முழுசாக ஒரு நாள் இருந்திருக்கும். ஒரு நாள்.

14:20
“யக்கா, இது திடீர்னு வந்ததுதான? முன்னாடியே தெரியலல்லா?”

ஊர்தி வந்துகொண்டிருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

“எவனாலயும் கண்டுபிடிச்சிருக்க முடியாதுக்கா. நீங்க மனசப் போட்டு வருத்திக்காதீங்க. பேசிக்கிட்டே இருங்க, போதும்.”

14:37
சொல்லிவிட்டேன். “நேத்தே பாத்தேன், தம்பி. அழகா இருக்குன்னு விட்டுட்டேன்.”

பதில் இல்லை. கூப்பிட்டேன். பதில் இல்லை. அலைவரிசை கெட்டிருக்கலாம். நான் சொன்னது அவன் காதில் விழாமலே போயிருக்கலாம். விழுந்திருக்கக் கூடாது, கடவுளே.

15:10
ஊர்தி அவனை எடுத்துவிட்டது. காப்புடையின் பதிவு வந்தது. காற்று 14:42 வரை இருந்திருக்கிறது. வானொலியில் பழுது ஏதும் இல்லை.

14:37-க்கு அதைக் கையால் அணைத்திருக்கிறான்.