விழுங்காத மாத்திரைகள்

அக்கா,

மெர்லிமாவ் கிளினிக்கின் மருந்து கவுண்டரில் இன்று காலை மருந்தைத் திருப்பிக் கொடுக்க உன் பிஸ்கட் டின்னைத் திறந்தேன். பிஸ்கட் வாசம் இன்னும் போகவில்லை. மேலே உன் மருந்து அட்டை. அடியில் ரத்த அழுத்த மாத்திரைகள், பிரிக்காத பொட்டலங்களாகவே. நர்ஸ் மிஸ்ஸி திட்டக் கூடாதென்று மாதம் தவறாமல் போய் வாங்கி வருவாய். விழுங்கத்தான் மாட்டாய். இவ்வளவு ஒழுங்கான பிடிவாதக்காரியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ரப்பர் தோட்டத்து வீட்டில் இருந்தபோது உன் முதல் கரு மூன்றாம் மாதத்தில் கலைந்தது. கரு தங்கியது தெரியாமல் காய்ச்சலுக்கு மாத்திரை போட்டிருந்தாய். "நான் முழுங்கினது நேரா புள்ளைக்குப் போயிருச்சு," என்றாய். அது காரணமில்லை என்று டாக்டர் சொன்னதைக் காதில் வாங்கவே இல்லை. அதன்பின் யார் மாத்திரை நீட்டினாலும், "வேணாம்லா, புள்ளைக்கு ஆகாது," என்று சிரிப்பாய். முதலில் நாங்களும் சிரித்தோம். பிறகு உனக்குப் பிள்ளையே உண்டாகவில்லை. நீ மட்டும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாய்.

எனக்கு வாய்த்த வேலையைப் பார். கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில், நஞ்சுக்கொடிக்குள் மருந்தை உடைக்கும் நொதிகள் என்னென்ன இருக்கின்றன என்று ஆய்வுக்கூடத்தில் தேடுவது. அத்தனை இளசாக இருக்கும்போதே சில இருக்கின்றன என்று தெரிந்ததும் உன்னைக் கடலோரத்து உம்பாய்க்கு மீன் சாப்பிட அழைத்துப் போனேன்.

"அக்கா, எல்லாம் அப்படியே நேரா போயிறாது. நஞ்சுக்கொடி சில மருந்த வழியிலயே உடைச்சிரும். எல்லாத்தையும் இல்ல, ஆனா சும்மா இருக்காது. உன் உடம்பு அப்பவே புள்ளையக் காப்பாத்தத்தான் பாத்திருக்கு."

நீ மீனில் முள் எடுத்துக்கொண்டே இருந்தாய். எடுத்து முடித்துச் சதையை என் தட்டில் வைத்தாய்.

"அப்ப என் உடம்பாலயும் முடியலேங்கிற."

ஆறுதல் என்று நான் கொண்டுவந்ததை நீ இன்னொரு பழியாக வாங்கிக்கொண்டாய். குழந்தை போனதற்கு அந்த மாத்திரை காரணமே இல்லை என்பதை முதலில் சொல்லியிருக்க வேண்டும்; அதையே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு நொதியைப் பற்றிப் பேசத்தான் அவசரம். இன்றுவரை மனசு ஆறவில்லை.

போன மாதம் குளியலறையில் விழுந்தாய். அழுத்தம் ஏறி மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். இரண்டே நாளில் போய்விட்டாய்.

இன்று கவுண்டரில் இருந்தது நம் தமிழ்ப் பெண்தான். பொட்டலங்களைக் கூடையில் கொட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஏன் ஆண்டி, ஒன்னுகூட சாப்பிடலையா அவங்க?"

படித்ததையெல்லாம் விளக்கத்தான் வாயெடுத்தேன். உன் பேச்சுதான் வந்தது.

"புள்ளைக்கு ஆகாதுன்னு."

அவள் அட்டையில் இருந்த உன் வயதைப் பார்த்தாள். அறுபத்திரண்டு.