கூட்டினால் எட்டு

ஜூன் 9
காரைக்குடியிலிருந்து காலையிலேயே கானாடுகாத்தான். நான் கணினி வேலை பார்த்துக்கொடுக்கும் விடுதியின் இணையதளமும் மெயிலும் இன்று புது சர்வருக்கு மாறுகின்றன. மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று கேட்பவர்களுக்குச் சொல்லும் நேம் சர்வரில் புது முகவரியை எழுதிவிட்டேன். சேமிக்கும் பொத்தானை மட்டும் முதலாளி ராமநாதன் நல்ல நேரத்தில் அழுத்துவாராம். "தம்பி, நீங்க அங்குட்டுப் போய்ப் பலகாரம் சாப்பிடுங்க. நான் சாமி கும்பிட்டு அழுத்திக்கிறேன்."
கீபோர்டில் சந்தனப் பொட்டு. கர்மம். போய்க் கந்தரப்பம் தின்றேன்.

ஜூன் 13
சிலர் அனுப்பும் மெயில் வருகிறது. சிலருடையது வருவதில்லை. முன்பதிவு செய்த குடும்பம் பெட்டிகளோடு வந்து நின்றது, அறை இல்லை. வரவேற்பில் இருக்கும் ஈஸ்வரியிடம் முதலாளி, எல்லார் முன்னாலும்: "மெயிலப் பாக்காம போனத் தேச்சுக்கிட்டு இருந்தியா?"
அவள் என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன்.

ஜூன் 14
நேம் சர்வர்கள் இரண்டு. முதலாவதில் எழுதுவதை இரண்டாவது நகலெடுத்துக்கொள்ளும். எடுக்கவில்லை. இன்னும் பழைய முகவரியையே சொல்கிறது. அதைக் கேட்பவர்களின் மெயில் பழைய சர்வருக்குப் போய்ச் சாகிறது. ஏன்? ஃபயர்வால் தடுக்கிறதா — இல்லை. நகலெடுக்க அனுமதி — இருக்கிறது.
ஈஸ்வரியைத் திங்கள் முதல் வர வேண்டாம் என்றுவிட்டாராம்.

ஜூன் 16
இரண்டாவது சர்வரை வைத்திருக்கும் சென்னைக் கம்பெனியிலிருந்து அதன் லாக், நடந்ததையெல்லாம் குறித்துவைக்கும் பதிவு, வந்தது. ஒரே வரி: முதலாவதின் வரிசை எண் என்னிடம் உள்ளதைவிடச் சிறியது.
ஒவ்வொரு மாற்றத்துக்கும் அந்த எண் ஏற வேண்டும். ஏறாவிட்டால் இரண்டாவது அதைப் புதிது என்று நம்பாது. நான் 1700 என்று ஏற்றித்தான் வைத்தேன். திறந்து பார்த்தால் — 1500.
முதலாளியைப் போனில் கேட்டேன். கூச்சமே இல்லை. "நீங்க போட்டதக் கூட்டுனா எட்டு வந்துச்சு தம்பி. எட்டு ஆகாது. ஜோசியர்ட்டக் கேட்டு, எனக்கு ராசியான ஆறு வர்ற மாதிரி மாத்திட்டுத்தான் அழுத்துனேன்."
தூ.

ஜூன் 17
எண்ணை ஏற்றினேன். சில நிமிடங்களில் நகலெடுத்தது. இவ்வளவுதான். இதற்கா ஒருத்தியின் வேலை போனது?
தப்பு ஈஸ்வரி மேல் இல்லை என்று முதலாளியிடம் சொன்னேன். "சரி, வரச் சொல்லுங்க. எண்ணு கதையெல்லாம் அதுட்டச் சொல்லாதீக."
அந்த வாயில் மன்னிப்பு என்ற சொல் முளைக்காது.
ஈஸ்வரிக்குப் போன் போட்டு, முதலாளி திரும்ப வேலைக்குக் கூப்பிடுகிறார் என்றேன். எண் கதை முழுவதையும் சொன்னேன். சிரித்தாள் — வெகுநேரம்.
"நல்ல நேரம் பாத்துட்டுச் சொல்றேன்னு சொல்லிருங்கண்ணே."

ஜூன் 25
மெயில் ஒழுங்காக வருகிறது. பதில் போட ஆள் இல்லை. முதலாளியே வரவேற்பில் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டுகிறார்.
சர்வரில் இன்னொரு சிறு மாற்றம். சேமிக்கும் முன் எண்ணைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்.
சீ.
ஈஸ்வரி இன்னும் நல்ல நேரம் சொல்லவில்லை.