ராஜாவின் சாவும் என் குரலும்

என் செல்லப் பெரியவளுக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சண்டை போட்டு, நன்றாகவே இருக்கிறோம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. என் தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு வீடு இவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். தம்பி புது வேலையில் சேர்ந்துவிட்டான், காலையில் எழுப்பத்தான் ஊரையே கூட்ட வேண்டியிருக்கிறது.

உன்னிடம் ஒரு விஷயத்தை மறைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. இனி குரல் இதற்கு மேல் எழும்பாது என்று டாக்டர் கைவிரித்ததும், என்னை வகுப்பிலிருந்து எடுத்து நூலகத்தில் உட்கார வைக்கலாம் என்று பள்ளிக்கூடத்தில் பேச்சு வந்தது. தலைமை ஆசிரியை நல்லவர்தான், ஒரு வகுப்பு வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார். அதுவும் எந்த வகுப்பு? கத்தியே காதைக் கிழிக்கும் ஏழாம் வகுப்பு. அப்பா கழுத்தில் மாட்டும் மைக் வாங்கி வந்தார், அது என்னைவிட அதிகமாக வீல் வீலென்று கத்தியது, தூக்கி அலமாரியில் போட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை தலைமை ஆசிரியை கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். எகிப்து ராஜா துட்டன்காமன் படத்தைப் பலகையில் ஒட்டி, பத்தொன்பது வயது வாக்கிலேயே போய்விட்டான், எப்படிச் செத்திருப்பான், நீங்களே சொல்லுங்கள் என்று எழுதிப் போட்டேன். அவ்வளவுதான், வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. எல்லோரும் ‘வக்கீல்’ என்று கூப்பிடும் ஒருத்தி இருக்கிறாள், அவள் எழுந்து, மண்டைக்குள் எலும்புத் துண்டு கிடந்ததாகப் புத்தகத்தில் போட்டிருக்கிறது, அவனுக்குப் பிறகு பட்டத்துக்கு வந்த கிழவர்தான் தீர்த்துக்கட்டினார் என்றாள். ‘தூங்குமூஞ்சி’ என்று பெயர் வாங்கியவன் அன்றைக்கு முழு விழிப்பில் இருந்தான். ராஜாவுக்குக் கால் சரியில்லை, கல்லறையில் கட்டுக்கட்டாகக் கைத்தடி கிடைத்திருக்கிறது, விழுந்து கால் ஒடிந்துதான் செத்தான் என்றான். சாட்சி எங்கே என்று அவள் கேட்க, கைத்தடிதான் சாட்சி என்று இவன் சொல்ல, ஒரே கூச்சல். தலைமை ஆசிரியை மேசையைத் தட்டப் பாதி எழுந்துவிட்டார். என் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

வேறு வழி தெரியாமல் பேச ஆரம்பித்தேன். முதல் பெஞ்சுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். அவர்கள் திரும்பிப் பின்னால் இருந்தவர்களை அடக்கினார்கள், அவர்கள் அடுத்த வரிசையை அடக்கினார்கள், அந்த அமைதி கடைசிச் சுவர் வரை போய் நின்றது. அந்த எலும்புத் துண்டுகள் செத்த பிறகு உடைந்தவை என்று பிற்பாடு எடுத்த ஸ்கேனில் தெரிந்தது, தொடை எலும்பு முறிந்திருந்தது, உடம்பில் மலேரியா இருந்த அடையாளமும் கிடைத்தது, ஆனால் இன்னதுதான் காரணம் என்று இன்றுவரை யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை என்றேன். நிமிர்ந்து பார்த்தால் தலைமை ஆசிரியை இரண்டாவது பெஞ்சில், பிள்ளைகளோடு இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

“அந்தக் கிழவர் மேல எனக்கு இன்னும் சந்தேகம்தான் டீச்சர், நாளைக்கும் இதையே பேசலாமா?” என்று கேட்டது வக்கீல் இல்லை, அவர்தான்.

நூலகப் பேச்சு அன்றோடு ஒழிந்தது. வருகிற வருஷம் எட்டாம் வகுப்பும் எனக்கே. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன், பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

நீ எடுத்த காரியமெல்லாம் ஜெயமாக முடியட்டும், மனசும் உடம்பும் தெம்பாக இரு. கண் பரிசோதனையைத் தள்ளிப் போடாதே. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது, இத்தனை நாள் செய்த மாதிரி போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டு ஒதுங்க மாட்டேன். ஜன்னலைச் சாத்திவிட்டு, காதை ஒட்டி வைத்துக் கேள், நானே பேசுகிறேன்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா